பாட்டு இருக்கு, பாடினவர் பேர் இல்லை

இன்னைக்கு எபிசோட் ஒரு காபி பிரேக்ல ஆரம்பிக்குது.

1971ஆம் வருஷம். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் லெஸ்டர் என்று ஒரு ஊர். அங்கே ஓவியம், சிற்பம் சொல்லித்தரும் ஒரு கல்லூரியில் கேவின் பிரையர்ஸ் வேலை பார்க்கிறார். வயசு 28. ஒரு அறையில் உட்கார்ந்து, ஒரு டேப்பிலிருந்து இன்னொரு டேப்புக்குக் காப்பி பண்ணிக்கொண்டிருக்கிறார். யாரோ ஒரு பெரியவர் பாடின சின்னத் துண்டு அது. முழுசா அரை நிமிஷம்கூட இருக்காது. அந்தத் துண்டே திரும்பத் திரும்ப ஓடி ஒரு முழு ஸ்பூலையும் நிரப்பணும். இன்னைக்கு போன்ல ரெண்டு தட்டு தட்டினா முடியற வேலை. அன்னைக்கு அது உண்மையான நேரத்தில் ஓடித்தான் தீரணும். சரி, கீழே போய் ஒரு காபி குடிச்சுட்டு வரலாம் என்று கிளம்பினார். போகும்போது கதவைச் சாத்தவில்லை.

அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் மாணவர்கள் வரையும் பெரிய ஸ்டுடியோ. எப்பவும் பேச்சும் சிரிப்புமா இருக்கும் இடம். திரும்பி வந்து பார்த்தால் அந்த அறையே அடங்கிக் கிடந்தது. நடக்கிறவர்கள் வழக்கத்தைவிட மெதுவாக நடக்கிறார்கள். சிலர் தனியாக உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதுகொண்டிருக்கிறார்கள்.

பிரையர்ஸுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது. உள்ளே டேப் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெரியவர் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறார்.

பின்னணியில் வயலின் இல்லை, எதுவுமில்லை. வெறும் குரல்.

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது? பிரையர்ஸின் நண்பர் ஒருவர் லண்டனில் வீடில்லாமல் தெருவில் வாழ்கிறவர்களைப் பற்றி ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தார். எலிஃபன்ட் அண்ட் காசில், வாட்டர்லூ ரயில்வே ஸ்டேஷன் சுற்றுவட்டாரம்தான் களம். கேமரா ஓடும்போது அங்கே இருந்த சிலர் போதையில் பாட ஆரம்பித்துவிடுவார்கள். ஒருத்தர் ஓபராவிலிருந்து ஒரு துண்டு, இன்னொருத்தர் பழைய காதல் பாட்டு. அவர்களில் ஒரு பெரியவர் மட்டும் குடிக்கிறவர் இல்லை. அவர் ஒரு கிறிஸ்தவ பக்திப் பாட்டைப் பாடினார். கடவுள் தன்னை இதுவரை கைவிட்டதில்லை என்பதுதான் அதன் சாரம். தலைக்கு மேல கூரை இல்லாத மனுஷன் பாடறார், யோசிச்சுப் பாருங்க.

எடிட் பண்ணும்போது அந்தப் பாட்டு படத்தில் சேரவில்லை. தேவைப்படாத டேப்புகளை நண்பர் பிரையர்ஸிடம் கொடுத்துவிட்டார். வெட்டிப்போட்ட மிச்சம், அவ்வளவுதான்.

பிரையர்ஸ் அதை வீட்டில் போட்டுக் கேட்டார். ரெண்டு விஷயம் அவரைப் பிடித்து நிறுத்தியது. ஒன்று, பெரியவர் பாடின ஸ்ருதி இவர் வீட்டு பியானோவோடு அப்படியே பொருந்தியது. இன்னொன்று, பாட்டின் முதல் பகுதி, மொத்தம் 13 பார். அதை வெட்டி முனையோடு முனை ஒட்டினால், முடிகிற இடம் தொடங்குகிற இடத்துக்கு இயல்பாகக் கொண்டுபோய் விடுகிறது. ஆனால் கச்சிதமாக இல்லை, லேசாகப் பிசகுகிறது. பெரியவர் மெட்ரனோம் வைத்துக்கொண்டு பாடவில்லையே. மூச்சு வாங்குகிற இடத்தில் வாங்குகிறார், இழுக்கத் தோன்றினால் இழுக்கிறார். அந்தப் பிசகுதான் பிரையர்ஸுக்குப் பிடித்தது.

அவர் அதன் கீழே பியானோவில் எளிமையான கார்டுகள் போட்டுப் பார்த்தார். லெஸ்டரில் அந்த அழுகையைப் பார்த்த பிறகு, இதை ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதணும் என்று முடிவு பண்ணினார். படைப்பின் பெயர் ‘ஜீசஸ் ப்ளட் நெவர் ஃபெயில்ட் மீ யெட்’.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, இந்த பிரையர்ஸ் யார் என்று பார்த்துடலாம். 1943இல் யார்க்‌ஷயரில் கூல் என்ற ஊரில் பிறந்தவர். கடலிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் உள்ளே, ஆற்றங்கரையில் இருக்கும் துறைமுகம் அது. ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் அவர் படித்தது தத்துவம், இசை இல்லை. ராத்திரியில் ஜாஸ் டபுள் பாஸ் வாசிப்பார். டெரெக் பெய்லி, டோனி ஆக்ஸ்லி என்ற ரெண்டு பேரோடு சேர்ந்து ஷெஃபீல்டில் ஒரு பப் மாடியில் வாசித்த குழுவுக்கு ‘ஜோசஃப் ஹோல்புரூக்’ என்று பெயர். அது அந்த மூன்று பேரில் யாருடைய பெயரும் இல்லை, மறந்துபோன ஒரு பழைய பிரிட்டிஷ் இசையமைப்பாளருடைய பெயர். சும்மா எடுத்து வைத்துக்கொண்டார்கள். ஐரோப்பாவின் ஃப்ரீ இம்ப்ரொவைசேஷன் வரலாறு எழுதுகிறவர்கள் இன்றைக்கும் அந்த மாடியிலிருந்து ஆரம்பிப்பதுண்டு. ஆனால் 1966இல் பிரையர்ஸ் அதைக் கைவிட்டார், பாஸையும் மூலையில் வைத்தார். அமெரிக்கா போய் ஜான் கேஜோடு கொஞ்ச காலம் வேலை பார்த்தார். திரும்பி வந்ததும் அவருக்கு வேலை கொடுத்தது ஆர்ட் காலேஜ்கள்தான், மியூசிக் காலேஜ்கள் இல்லை. அவர் யோசித்த விதம் அங்கேதான் செல்லுபடியாச்சு.

உதாரணத்துக்கு, 1970இல் போர்ட்ஸ்மத் ஆர்ட் ஸ்கூலில் அவரும் மாணவர்களும் தொடங்கிய போர்ட்ஸ்மத் சின்ஃபோனியா. இந்த ஆர்கெஸ்ட்ராவில் சேர ஒரே தகுதி, நீங்க இசைக்கலைஞராக இருக்கக் கூடாது. இசைக்கலைஞர்தான் என்றால் இதுவரை தொடாத ஒரு வாத்தியத்தை எடுக்கணும். ஆனால் கிண்டல் பண்ணக் கூடாது. ரிகர்சலுக்கு ஒழுங்கா வரணும், உங்களால் முடிந்தவரை சரியாக வாசிக்கணும். பிரையன் ஈனோ அதில் கிளாரினெட் வாசித்தார். 1974 மே மாதம் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் மேடை ஏறினார்கள். யூடியூப்ல தேடிக் கேளுங்க, சிரிப்பு வரும். ரெண்டு நிமிஷம் கழிச்சு, இவங்க எவ்வளவு மெனக்கெடறாங்கன்னு தோணும்.

எனக்கு இது முக்கியமான குறிப்பு. மேடையில் யார் நிற்கலாம், யார் குரல் இசை என்று எண்ணப்படும் என்ற கேள்வி, அந்தப் பெரியவரின் டேப் கையில் வருவதற்கு முன்னாடியே இந்த ஆளுக்குள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

அவருடைய முதல் பெரிய படைப்பும் அதே கேள்விதான். 1969இல் போர்ட்ஸ்மத் ஆர்ட் மாணவர்களுக்கு ஆதரவாக ஒரு கண்காட்சி நடந்தது. அதற்காக ஒரே ஒரு தாளில் டைப் பண்ணிக் கொடுத்த யோசனை அது. ‘தி சிங்கிங் ஆஃப் தி டைட்டானிக்’. டைட்டானிக் கதை நம்ம எல்லாருக்கும் சினிமாவா தெரியும். 1912 ஏப்ரல் 15, அதிகாலை 2.20. சுமார் 1,500 பேர் இறந்தார்கள். கப்பலின் இசைக்கலைஞர்கள் எட்டு பேர். தலைவர் வாலஸ் ஹார்ட்லி. அந்த எட்டு பேரில் ஒருத்தரும் பிழைக்கவில்லை. கடைசி நேரத்தில் அவர்கள் என்ன வாசித்தார்கள்? பொதுவாகச் சொல்லப்படுகிற பாட்டு ஒன்று இருக்கிறது. ஆனால் பிழைத்து வந்த ஜூனியர் வயர்லெஸ் ஆபரேட்டர் ஹெரால்ட் பிரைட் நியூயார்க் டைம்ஸிடம் சொன்னது வேறு, ‘ஆட்டம்’. அது அந்தப் பெயரில் இருந்த தேவாலய மெட்டா, அன்றைக்குப் பிரபலமாக இருந்த ஒரு வால்ட்ஸா என்று இன்னைக்கு வரைக்கும் சண்டை நடக்குது.

பிரையர்ஸ் பிரைட்டின் வார்த்தையை எடுத்துக்கொண்டார், தேவாலய மெட்டைத் தேர்ந்தெடுத்தார். அதோடு ஒரு கேள்வி கேட்டார். அவர்கள் வாசிப்பதை நிறுத்தினதை யாரும் பார்க்கவில்லை. அப்படியென்றால் தண்ணீருக்குள் போன பிறகும் அந்த இசை தொடர்ந்தது என்று வைத்துக்கொண்டால் எப்படிக் கேட்கும்? வயர்லெஸ்ஸைக் கொண்டுவந்த மார்க்கோனி கடைசிக் காலத்தில் ஒரு விஷயத்தை நம்பினார். ஒரு முறை எழுந்த ஒலி சாகாது, மெலிந்துகொண்டே போகும், நல்ல கருவி இருந்தால் திரும்பப் பிடித்துவிடலாம் என்று. பிசிக்ஸ் படிச்சவங்க இப்ப சிரிப்பீங்க. சரிதான், ஒலி கடைசியில் சூடாக மாறிக் கரைந்துவிடும். ஆனால் இசையமைப்பாளருக்கு அந்த நம்பிக்கை போதும். பிரைட்டே மார்க்கோனி கம்பெனி ஊழியர்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்க.

அந்த இசையில் ஒரு சின்ன ஸ்டிரிங் குழு அந்த மெட்டை மெதுவாக, திரும்பத் திரும்ப வாசிக்கும். அதன் மேல் தண்ணீர் மூடுகிற மாதிரி மங்கின ஒலிகள் வரும். பிழைத்தவர்களின் பேச்சுத் துண்டுகளும் வரும். இந்தப் படைப்புக்கு முடிவு கிடையாது, புதுத் தகவல் வந்தால் மாறும். 1985இல் கடலடியில் கப்பலின் உடலைக் கண்டுபிடித்ததும் பிரையர்ஸ் மறுபடி உட்கார்ந்தார். 1990இல் பிரான்ஸில் ஒரு பழைய தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்துக்குள் இதை வாசித்துப் பதிவு பண்ணினார். ஏஃபெக்ஸ் ட்வின் இதை ரீமிக்ஸ் பண்ணியிருக்கார்னு சொன்னா உங்களில் பாதிப் பேர் இப்பவே தேடப் போவீங்க. எபிசோட் முடியட்டும்.

டைட்டானிக் பேண்ட் பற்றி ஒரு விஷயம் எனக்கு மறக்கவே மாட்டேங்குது. அந்த எட்டு பேரும் கப்பல் கம்பெனியின் நேரடி ஊழியர்கள் இல்லை, ஒரு ஏஜென்சி மூலமாகப் போனவர்கள். கப்பல் மூழ்கி ரெண்டு வாரம்தான் ஆகியிருந்தது. வயலின் வாசித்த ஜாக் ஹ்யூமின் அப்பாவுக்கு அந்த ஏஜென்சியிடமிருந்து கடிதம் வந்தது. இரங்கல் கடிதம் இல்லை. பையனின் யூனிஃபார்முக்கு ஆன செலவில் பாக்கி, கட்டுங்கள் என்று பில். அதே வேளையில் பேப்பர்களும் பாட்டுகளும் அவர்களை வீரர்கள் என்று கொண்டாடிக்கொண்டிருந்தன. 2013இல் ஹார்ட்லியின் வயலின் ஏலத்தில் 9 லட்சம் பவுண்டுக்குப் போனது.

இப்போ லண்டன் பெரியவரிடம் திரும்பி வரலாம். இந்தக் கதையில் என்னை உறுத்துகிற கேள்வியும் இதுதான். ஒருத்தர் குரல் உலகம் முழுக்கப் போகிறது. அவருக்கு என்ன போய்ச் சேர்ந்தது? ஒன்றுமில்லை. பிரையர்ஸ் தன் குரலை வைத்து என்ன பண்ணினார் என்று கேட்பதற்கு முன்னாலேயே அவர் இறந்துவிட்டார். பெயர்கூடத் தெரியாது. எழுதுகிறவர்கள் ‘ஒரு நாடோடி’, ‘வீடற்ற ஒரு மனிதர்’ என்றுதான் குறிப்பிடுகிறார்கள். ஒரு ஆர்ட் காலேஜ் வாத்தியார், தெருவில் இருந்த ஒரு மனிதரின் நம்பிக்கையை எடுத்து, ரெக்கார்ட் போட்டு, அதில் பெயர் வாங்கிவிட்டார். கோபமா சொன்னா இப்படித்தான் சொல்லணும். சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தப்பும் இல்லை.

ஆனால் இசையைக் கேட்டால் கணக்கு கொஞ்சம் மாறுகிறது. முதலில் குரல் மட்டும், ரொம்ப தூரத்திலிருந்து நெருங்கி வருகிற மாதிரி. பாட்டு பல சுற்று தனியாகவே போகும். பிறகுதான் ஸ்டிரிங்ஸ் நுழையும், அதுவும் தாங்கிப் பிடிக்கிற அளவுக்கு மட்டும். சுற்றுக்குச் சுற்று வாத்தியங்கள் கூடும், மாறும், விலகும். அந்தக் குரல் மட்டும் மாறாது. இன்னைக்கு ஒரு ப்ரொட்யூசர் கையில் இது கிடைத்திருந்தால் முதல் வேலையாகக் குரலைத் தாளத்துக்குள் இழுத்து நேராக்கியிருப்பார். பிரையர்ஸ் அதைச் செய்யவில்லை. பெரியவர் எங்கே நீட்டுகிறாரோ அங்கே ஆர்கெஸ்ட்ரா காத்திருக்க வேண்டும். மேடையில் வாசிக்கும்போது, பல வருஷம் படித்துத் தேர்ந்த கலைஞர்கள் அத்தனை பேரும், கண்டக்டர் உட்பட, ஒரு இறந்துபோன மனிதரின் மூச்சைப் பின்பற்றி வாசிக்கிறார்கள். நம்ம கச்சேரிகளில் பாடகர் பின்னாலேயே வயலின்காரர் போவார் இல்லையா, அந்த மரியாதைதான் இது. பக்கவாத்தியம் யார், பாடகர் யார் என்பதில் குழப்பமே இல்லை.

இதனால் கடன் அடைந்துவிட்டதா? இல்லை. ஆனால் பரிதாபப்பட்டு யாரும் அவருக்குப் பிச்சை போடவில்லை என்பது காதில் கேட்கிறது. பிரையர்ஸ் அவர் மேல் சோகத்தைப் பூசவில்லை. சோகம் நம்முடையது. பெரியவர் நிம்மதியாகத்தான் பாடுகிறார். லெஸ்டர் மாணவர்கள் அழுதது அதனால்தான் என்பது என் எண்ணம்.

1972இல் லண்டன் குவீன் எலிசபெத் ஹாலில் ரெண்டு படைப்பும் முதல் தடவை மேடை ஏறின. 1975இல் ஈனோ ‘அப்ஸ்க்யூர்’ என்று ஒரு லேபிள் தொடங்கினார், அதன் முதல் ரெக்கார்டே இதுதான். ஒரு பக்கம் டைட்டானிக், மறு பக்கம் பெரியவர், 25 நிமிஷம். ஏன் 25 என்றால், எல்பி ரெக்கார்டின் ஒரு பக்கத்தில் அவ்வளவுதான் பிடிக்கும். கேசட் வந்தபோது 60 நிமிஷ வடிவம் வந்தது. சிடி வந்ததும் 74 நிமிஷம். சுற்றி வரும் பாட்டுக்கு எது முடிவு? டேப் தீருகிற இடம்தான்.

அந்த 74 நிமிஷப் பதிவு 1993இல் ஃபிலிப் கிளாஸின் பாயின்ட் மியூசிக் லேபிளில் வந்தது. பிரிட்டனின் மெர்குரி பரிசுப் பட்டியலில் பாப், ராக் ஆல்பங்களுக்கு நடுவில் இதுவும் இடம்பிடித்தது. கடைசிப் பகுதியில் பெரியவரோடு சேர்ந்து டாம் வெய்ட்ஸ் பாடுகிறார். பழைய ரெக்கார்ட் மேல் வெய்ட்ஸுக்குப் பெரிய பிரியம். எண்ணம் நல்லதுதான். ஆனா எனக்கு அந்த இடம் வந்தா ஸ்கிப் பண்ணத் தோணும். வெய்ட்ஸின் கரகரப்பு, தெருவில் வாழ்ந்த ஒருத்தரின் குரலாக அவர் உருவாக்கிக்கொண்டது. நிஜமாகவே தெருவில் வாழ்ந்தவரின் குரல் சுத்தமாக, கொஞ்சம் நடுங்கியபடி, ஒரு குழந்தை மாதிரி இருக்கிறது. ரெண்டையும் பக்கத்துல வெச்சா வேஷம் தெரிஞ்சுடுது. இதுல என்னோட சண்டை போடறவங்க நிறைய பேர். முதல் தடவை கேட்கிறவங்க 25 நிமிஷப் பதிப்பிலிருந்து ஆரம்பிங்க, ஹெட்ஃபோன் போட்டு, வேறு வேலை எதுவும் பார்க்காமல்.

பிரையர்ஸ் இதோடு நிற்கவில்லை. 1984இல் ‘மெடியா’ ஓபரா. ஹுவான் முன்யோஸ் என்ற ஸ்பானிய சிற்பியோடு சேர்ந்து ரேடியோவுக்குப் பத்து ஐந்து நிமிஷத் துண்டுகள் பண்ணினார். அவற்றில் முன்யோஸ் சீட்டாட்டத்தில் எப்படி ஏமாற்றுவது என்று நிதானமாக விளக்குவார், பின்னால் ஸ்டிரிங் குவார்ட்டெட் ஓடும். பாட்காஸ்ட் பண்ற எங்களுக்கு வயிறு எரியற அளவுக்கு நல்ல ஐடியா. 2018இல் ‘தி ஃபிஃப்த் செஞ்சுரி’ பதிவுக்காக அதைப் பாடிய ‘தி கிராஸிங்’ குழுவுக்கு கிராமி கிடைத்தது. மூலையில் வைத்த பாஸையும் திரும்ப எடுத்து, தன் குழுவிலேயே வாசிக்கிறார்.

இன்னொரு படைப்பைச் சொல்லாமல் போக முடியாது. 1988 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேலே ஒரு விமானத்தைக் குண்டு வைத்துத் தகர்த்தார்கள். அதில் பிரையர்ஸின் நண்பர், அவரோடு வேலை பார்த்த சவுண்ட் இன்ஜினியர் பில் காட்மேன் இருந்தார். அவருக்காக எழுதினது ‘காட்மேன் ரெக்வியம்’. பெயர் தலைப்பிலேயே இருக்கிறது. சவுண்ட் இன்ஜினியர் என்றால், எல்லார் குரலையும் நமக்குக் கேட்கவைத்துவிட்டுத் தான் இருட்டில் நிற்கிறவர். பெரியவருக்குக் கொடுக்க முடியாமல் போனதை இங்கே கொடுத்தார் என்று நினைத்துக்கொள்வது என் விருப்பம். பிரையர்ஸ் அப்படிச் சொன்னதாக எடுத்துக்காதீங்க.

கடைசியா ஒரு ராத்திரி. 2019 ஏப்ரல். லண்டனில் டேட் மாடர்ன், பழைய மின்நிலையத்தை மாற்றிய கலைக்கூடம். அதன் நிலத்தடியில், ஒரு காலத்தில் எண்ணெய் சேமித்துவைத்த வட்டத் தொட்டிகள் இருக்கின்றன. அங்கே ‘ஜீசஸ் ப்ளட்’ ராத்திரி முழுக்க, 12 மணி நேரம் நடந்தது. எல்பி முடிகிற கவலை இல்லை, சிடி தீருகிற கவலை இல்லை. பிரையர்ஸின் குழு இருந்தது, பெரிய ஆர்கெஸ்ட்ராக் கலைஞர்கள் முறை மாற்றி வாசித்தார்கள். அவர்களோடு சேர்ந்து இசைத்தவர்களில் வீடில்லாமல் வாழ்ந்தவர்களும் இருந்தார்கள். கேட்க வந்தவர்களில் சிலர் தரையிலேயே படுத்துத் தூங்கினார்கள்.

அந்தப் படம் எடுத்த வாட்டர்லூவும் எலிஃபன்ட் அண்ட் காசிலும் அங்கிருந்து நடந்து போகிற தூரம்தான். டேப் விடிய விடிய ஓடிக்கொண்டிருந்தது.